ஐ.எல்.ஓ. இன்டர்ன்ஷிப்புக்கு வியாசர்பாடியிலிருந்து விண்ணப்பிக்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி வியாசர்பாடியிலிருந்து எழுதியிருக்கிறார். சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு பி.எல்., கடைசி வருடம். அப்பா மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் லோடுமேன். தொழிலாளர் சட்டம் பிடித்த பாடம். ஜெனீவாவில் இருக்கும் ஐ.எல்.ஓ., அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பில், இன்டர்ன்ஷிப் செய்ய என்ன தகுதி, எப்படி விண்ணப்பிப்பது, பணம் தருவார்களா என்று கேட்டிருக்கிறார். ஆங்கிலம் சுமார்தான் என்கிறார். கடைசியில் ஒரு வரி: "இதெல்லாம் நேஷனல் லா ஸ்கூல் பசங்களுக்குத்தானா?" உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். தகுதியும் தேதியும் அரை மணி நேரம் தேடினால் கிடைத்துவிடும். நம் தெருவிலிருந்து ஒருவர் அங்கே போய் உட்கார முடியுமா, போனால் கையில் என்ன கொண்டுபோவது என்பதுதான் தெரிய வேண்டிய விஷயம். அதனால் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். 22 வருடமாகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன், தொழிலாளர் பக்கம் மட்டும். வீடு பெரம்பூர். நான் ஐ.எல்.ஓ.வில் இருந்தவள் இல்லை, ஜெனீவாவுக்குப் போனதும் இல்லை. என் சேம்பரில் ஜூனியராக இருந்த இரண்டு பேர் போனார்கள். ஒருவர் டெல்லி அலுவலகத்துக்கு, ஒருவர் ஜெனீவாவுக்கு. அவர்களுடைய விண்ணப்பங்களை வரிக்கு வரி படித்துத் திருத்தியவள் என்ற முறையிலும், அவர்கள் வந்து சொன்னதைக் கேட்டவள் என்ற முறையிலும்தான் எழுதுகிறேன். உள்ளே யார் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நேரில் பார்த்தது கிடையாது.

முதலில் உறுதியானவை. ஐ.எல்.ஓ. ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் அதற்கென்று தனி விதிகள் உண்டு. ஐ.நா. தலைமைச் செயலகத்து இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கிடையாது. ஐ.எல்.ஓ.வில், வேறு எங்கிருந்தும் உதவித்தொகை வராத இன்டர்னுக்கு மாதாமாதம் ஒரு தொகை தருகிறார்கள். காலம் 3 முதல் 6 மாதம். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மூன்றில் ஒன்றிலாவது வேலை செய்யும் அளவுக்குத் தேர்ச்சி வேண்டும். விண்ணப்பம் அவர்களுடைய வேலைவாய்ப்பு இணையதளம் வழியாக மட்டும்தான். கட்டணம் எந்தக் கட்டத்திலும் இல்லை. "ஜெனீவாவில் ஆள் இருக்கு, சீட் வாங்கித் தர்றேன்" என்று சொல்லி யாராவது ஃபீஸ் கேட்டால் அது மோசடி, அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

படிப்பு விஷயத்தில்தான் உங்களுக்கு ஒரு சிக்கல். முதுநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள், அல்லது அதை அண்மையில் முடித்தவர்கள் என்றுதான் பொதுவாகக் கேட்கிறார்கள். உங்கள் மூன்றாண்டு பி.எல். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கிய பிறகு படிப்பது. அதை முதுநிலைக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்களா என்பது அறிவிப்பின் வாசகத்தையும், எடுக்கும் துறையையும் பொறுத்தது. விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: முதல் பட்டம் இது, எத்தனை வருடம், அதன் மேல் சட்டம் மூன்று வருடம். சட்டத்தில் முதுநிலைப் படிப்பான எல்.எல்.எம். கடைசி வருடத்தில் விண்ணப்பித்தால் இந்தச் சந்தேகமே வராது. என் ஜூனியர்கள் இருவரும் எல்.எல்.எம். முடிக்கும் சமயத்தில்தான் போனார்கள். இந்த வருடமே போயாக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது பணம். 2015ல் ஐ.நா.வில் இன்டர்னாக இருந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஜெனீவாவில் கூடாரம் அடித்துத் தங்கியது உலகம் முழுக்கச் செய்தியானது. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. ஐ.எல்.ஓ. பணம் தருவதால் அந்த நிலைமை உங்களுக்கு வராது. ஆனாலும் விமான டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாம் நம் பொறுப்பு. முதல் மாதத் தொகை கைக்கு வருவதற்கு முன்பே அறைக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும். ஜெனீவா போன என் ஜூனியருக்கு அவள் அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துத்தான் டிக்கெட் போட்டார். அந்தச் சீட்டுக் கடன் அடைய ஒன்றரை வருடம் ஆனது. உங்கள் அப்பா சம்பாத்தியத்தில் வீடு ஓடுகிறதென்றால், நீங்கள் ஆறு மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் டெல்லியைக் குறைவாக நினைக்காதீர்கள். ஐ.எல்.ஓ. 1928லிருந்து இந்தியாவில் அலுவலகம் வைத்திருக்கிறது. தெற்காசியா முழுமைக்குமான நிபுணர் குழுவும் டெல்லியில்தான் உட்காருகிறது. ரயில் டிக்கெட்டில் போய்விடலாம். நம் ஊர்ப் பிரச்சினைக்கு அது இன்னும் பக்கம்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. கல்லூரிப் பெயர் கணக்கில் வராது என்று நான் சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் ஒருவர் மேஜைக்கு வரும்போது தெரிந்த பெயர் கண்ணில் படத்தான் செய்யும். ஆனால் என் ஜூனியர்கள் இருவரும் அரசு சட்டக் கல்லூரி. அதை வைத்துக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது, அடைத்துக் கிடக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். இன்டர்ன்ஷிப் முடிந்தால் அங்கேயே வேலையா என்றால், அப்படி யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. ஒருவர் திரும்பி வந்து என்னோடு அதே தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்கிறார். இன்னொருவர் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போய்விட்டார். இருவருமே போனதற்கு வருத்தப்படவில்லை.

சரி, இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ஐ.எல்.ஓ. நமக்குத் தூரத்து உறவு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கதையைக் கேளுங்கள். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி மில் என்று நாம் சொல்லும் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள்தான் அதன் உயிர். உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. கூட நின்றார். அடுத்த வருடம், 1919ல், ஐ.எல்.ஓ.வின் முதல் மாநாடு வாஷிங்டனில் கூடியது. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம். ஜோஷி. அவருக்கு ஆலோசகராகப் போனவர் நம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் வாடியா. அந்த மாநாட்டில் வந்ததுதான் 1ஆம் உடன்படிக்கை: தொழிற்சாலையில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் அதே உடன்படிக்கையின் 10ஆவது பிரிவில் வாரம் 60 மணி நேரம் என்று தனியாக எழுதினார்கள். வாடியா திரும்பி வந்த பிறகு ஆலையில் போராட்டம் முற்றியது. தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டினார் என்று நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் வைத்தவரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியும் என்றால் சங்கம் எப்படி நடக்கும்? அந்த வழக்கு கிளப்பிய பேச்சுதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிந்தது. நீங்கள் பரீட்சைக்குப் படித்த அந்தச் சட்டம் உங்கள் பக்கத்துத் தெரு ஆலையில் பிறந்தது என்று சொன்னால் தப்பில்லை. என் தாத்தா கர்னாடிக் மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1996ல் ஆலை மூடியபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் விடியற்காலைச் சங்கு ஊதும் நேரம் அவர் உடம்பிலேயே இருந்தது என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. விண்ணப்பத்துக்கு இதில் வேலை இருக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. சில ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு அது வழிவிட்டது. சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று, அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 1ஆம் உடன்படிக்கையை இந்தியா 1921லேயே ஏற்புறுதி செய்திருக்கிறது, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த 60 மணி நேரச் சலுகையோடு. அப்படியானால் 2023 திருத்தத்தை அந்த உடன்படிக்கையின் கண்ணாடியில் பார்த்தால் என்ன தெரியும்? வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை வைத்துக்கொண்டு நாள் நேரத்தை மட்டும் நீட்டினால் அது மீறலா? இப்படி ஒரு கேள்வியை எடுத்து நாலு பக்கம் எழுதிப் பாருங்கள். ஜெனீவாவில் ஒரு இன்டர்னுக்குக் கொடுக்கும் வேலை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்று என் ஜூனியர் சொன்னாள்: ஒரு நாட்டின் சட்டத்தை எடு, உடன்படிக்கையின் பிரிவோடு பக்கத்தில் பக்கத்தில் வை, எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று சுத்தமாக எழுது.

அதற்கு அடிப்படை சிலது சரியாகத் தெரிய வேண்டும். நம் கல்லூரிகளில் ஐ.எல்.ஓ. பாடம் ஒரு அத்தியாயத்தில் ஓடிவிடுகிறது. உடன்படிக்கை வேறு, பரிந்துரை வேறு. உடன்படிக்கையை ஒரு நாடு ஏற்புறுதி செய்தால் அது கட்டுப்படுத்தும். பரிந்துரை வழிகாட்டும், அதை யாரும் ஏற்புறுதி செய்வதில்லை. "இந்தியா இந்தப் பரிந்துரையை ஏற்புறுதி செய்யவில்லை" என்று ஒரு மாணவர் எழுதினால் படிப்பவர் அங்கேயே காகிதத்தை மூடிவிடுவார். இந்தியா இதுவரை 47 உடன்படிக்கைகளை ஏற்றிருக்கிறது. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87ஆம் உடன்படிக்கையும், கூட்டுப்பேரம் பற்றிய 98ஆம் உடன்படிக்கையும் அதில் இல்லை. அரசு ஊழியர்களுக்கு நம் சட்ட விதிகள் மறுக்கும் சில உரிமைகளைக் கொடுக்க வேண்டிவரும் என்பதுதான் அரசு சொல்லும் காரணம். ஏற்கவில்லை என்பதால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சங்கச் சுதந்திரக் குழு என்று ஒன்று 1951லிருந்து இருக்கிறது. ஏற்காத நாட்டின் மேலும் சங்கங்கள் அங்கே புகார் கொடுக்கலாம். இந்தியாவுக்கு எதிராகவும் புகார்கள் போயிருக்கின்றன. குழந்தைத் தொழிலாளர் பற்றிய 138, 182 இரண்டையும் இந்தியா 2017ல்தான் ஏற்றது. வேலையிடத் துன்புறுத்தல் பற்றிய 190ஆம் உடன்படிக்கை 2019ல் வந்தது, இந்தியா இன்னும் அதில் இல்லை. இவையெல்லாம் நார்ம்லெக்ஸ் என்ற அவர்களுடைய இலவசத் தரவுத்தளத்தில் நாடுவாரியாக இருக்கின்றன. அங்கே இந்தியா பக்கத்தைத் திறந்து, ஏற்ற உடன்படிக்கையை ஒரு நாடு எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று ஆராயும் நிபுணர் குழு (டெல்லியில் இருக்கும் குழு வேறு) எழுதிய குறிப்புகளைத் தினம் ஒன்று படியுங்கள். ஒவ்வொன்றும் சில பத்திகள்தான். அந்தக் குழு யாரையும் திட்டாது. "கவனத்தில் கொள்கிறது", "தகவல் தருமாறு கேட்கிறது" என்றுதான் எழுதும். அந்த மெல்லிய வார்த்தைக்குள் எங்கே அழுத்தம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழகினால் பாதி வேலை கற்றுக்கொண்ட மாதிரி.

அப்புறம், நம் நாட்டுச் சட்டமும் மாறிவிட்டது. 29 மத்திய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21லிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் பாடப்புத்தகம் இன்னும் பழைய சட்டத்தின் பிரிவு எண்களைத்தான் சொல்லும். இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நிலுவையில் இருக்கும் வழக்குகளுக்கும் பழைய தீர்ப்புகளுக்கும் பழைய சட்டம் வேண்டும். விண்ணப்பத்தில் புதிய சட்டம் தெரியவில்லை என்றால் இந்தியாவிலிருந்து வரும் ஆளுக்கே இந்தியா தெரியவில்லை என்று ஆகிவிடும்.

இனி விண்ணப்பத்தில் எழுத வேண்டிய அந்தக் கடிதம். ஏன் வர விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். கொடுங்கையூர் பெண் ஒருத்தி, என் ஜூனியர், ஒரு சாயங்காலம் கோர்ட் முடிந்து சேம்பரில் தன் வரைவை நீட்டினாள். முதல் வரி, சமூக நீதியில் தனக்குச் சிறு வயதிலிருந்தே பேரார்வம் என்றது. இரண்டாவது வரி, ஐ.எல்.ஓ. உலகின் தலைசிறந்த அமைப்பு என்றது. பிழை ஒன்றுமில்லை. ஆனால் அதை எழுதியது கொடுங்கையூரா கொல்கத்தாவா என்று கண்டுபிடிக்க வழியில்லை. "அப்பா என்னம்மா வேலை பார்க்கிறார்?" என்று கேட்டேன். "மணலியில் காண்ட்ராக்டில் இருக்கார் மேடம்" என்றாள். ஏதாவது காகிதம் இருந்தால் கொண்டுவா என்றேன்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். ஏழு அடையாள அட்டைகள். லேமினேஷன் ஓரம் பிரிந்து, சில இடத்தில் தண்ணீர் இறங்கி மை பரவியிருந்தது. வரிசையாக அடுக்கினோம். முதல் அட்டையில் மீசை கறுப்பு, ஏழாவதில் முழு நரை. ஏழிலும் அதே கேட், அதே பம்ப் ஹவுஸ் ஹெல்பர் வேலை. ஏழிலும் காண்ட்ராக்டர் பெயர் வேறு வேறு. பி.எஃப். கணக்கு எண் நான்கு, அதில் இரண்டில் அப்பா பெயரின் இனிஷியல் தப்பு. 19 வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்த மனிதருக்குக் காகிதத்தில் மூன்று வருடத்துக்கு மேல் சர்வீஸ் எங்குமே இல்லை. அவள் அந்த அட்டைகளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள், ஆனால் அதில் சட்டம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ராத்திரியே கடிதத்தை மாற்றி எழுதினாள். என் அப்பா 19 ஆண்டுகளாக ஒரே கேட்டுக்குள் வேலைக்குப் போகிறார், அவரிடம் ஏழு அட்டைகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் முதலாளி பெயர் வேறு, உண்மையான முதலாளி யார் என்று சட்டம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதே என் எல்.எல்.எம். ஆய்வு என்று தொடங்கியது. அதன் பிறகு அவள் கட்டிக்கொண்டு போனது சட்டம்தான், சோகம் இல்லை. 1978ல் ஹுசைன்பாய் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், இடையில் காண்ட்ராக்டர் நின்றாலும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றார். 2001ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, காண்ட்ராக்ட் முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது. ஆனால் ஒப்பந்தமே வெறும் பெயரளவு என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் அவர் முதன்மை நிறுவனத்தின் ஆள்தான் என்றும் வழி வைத்தது. ஐ.எல்.ஓ.வின் 198ஆம் பரிந்துரை, 2006ல் வந்தது, வேலை உறவைத் தீர்மானிக்கும்போது ஒப்பந்தத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைவிட நடப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறது. ஏழு அட்டையிலிருந்து அந்தப் பரிந்துரைவரை அவள் ஒரே பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். டெல்லி அலுவலகத்தில் இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தால்தான் கிடைத்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் நேர்காணலில் பாதி நேரம் அந்த அட்டைகளைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று சொன்னாள்.

ஒரு எச்சரிக்கை. வறுமையை விற்காதீர்கள். அப்பாவின் கஷ்டத்தை எழுதிவிட்டு அதோடு நிறுத்தினால் படிப்பவருக்கு இரக்கம் வரலாம், உங்களை எடுத்து என்ன வேலை கொடுப்பது என்று தெரியாது. பார்த்ததைச் சட்டக் கேள்வியாக மாற்றத் தெரிந்தவர் என்று காட்ட வேண்டும். இன்னொன்று, அப்பாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். யார்டின் பெயரோ, காண்ட்ராக்டர் பெயரோ வேண்டாம். அவர் இன்னும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்.

ஆங்கிலம் பற்றி. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அது பெரிய மதில் இல்லை, ஆனால் இல்லாத மதிலும் இல்லை. அங்கே வேலை முழுக்க எழுத்துதான். அலங்கார ஆங்கிலம் யாருக்கும் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியம், பிழையில்லாமல், ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். என் ஜூனியர்களுக்கு நான் கொடுத்த பயிற்சி இதுதான்: நிபுணர் குழுவின் ஒரு குறிப்பைப் படி, மூடி வை, தமிழில் அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி சொல், அப்புறம் அதை ஆங்கிலத்தில் பத்து வரியில் எழுது. தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், ஆங்கிலத்தின் குற்றம் இல்லை. ஆறு மாதம் விடாமல் செய்தால் கை திருந்திவிடும்.

விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஒரு வருடமாவது உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் நீதிமன்றங்களுக்கு வந்து உட்காருங்கள். ஏதாவது ஒரு சீனியரிடம் சேர்ந்தால் நல்லது. சேராவிட்டாலும் திறந்த நீதிமன்றம்தானே, வந்து பாருங்கள். சமரச அலுவலர் முன் பேச்சு எப்படி முறிகிறது, முறிவறிக்கை வந்த பிறகு வழக்கு எப்படி எண்ணாகிறது, ஒரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் நடுவில் வேலையிழந்த மனிதர் என்ன செய்து சாப்பிடுகிறார் என்பதெல்லாம் புத்தகத்தில் வராது. ஒரு வழக்கு சொல்கிறேன். எங்கள் ஆளுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை, மேற்பார்வை முழுக்கக் காண்ட்ராக்டர்தான் என்று நிர்வாக சாட்சி அடித்துச் சொன்னார். அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தும் அசையவில்லை. கடைசியில் ஒரு பழைய லீவு லெட்டரைக் காட்டி, "இதில் அனுமதி என்று கையெழுத்துப் போட்டிருப்பது யார்?" என்று கேட்டேன். ஷிப்டு இன்ஜினியர். அவர் யாருடைய ஊழியர்? நிறுவனத்தின் ஊழியர். சாட்சி கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டு, ரூல்டு பேப்பரில் தமிழில் எழுதிய லெட்டர் அது. 198ஆம் பரிந்துரை சொல்லும் "நடப்பு" என்பது இந்த மாதிரி காகிதம்தான். இதைக் கண்ணால் பார்த்தவர் எழுதும் ஆய்வும், பார்க்காதவர் எழுதும் ஆய்வும் ஒரே மாதிரி இருக்காது.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய மனிதரைத் தேடி அலையாதீர்கள். உங்கள் வேலையைப் பார்த்த ஒரு பேராசிரியர், நீங்கள் பண்டல் தூக்கி நடந்ததைப் பார்த்த ஒரு வக்கீல் போதும். உங்களைத் தெரியாத நீதிபதி எழுதும் நாலு நல்ல வார்த்தையைவிட, இந்தப் பையன் 40 வேலைநீக்க வழக்குகளின் சம்பளச் சீட்டுகளைத் தேதிவாரியாகத் தொகுத்தான் என்று தெரிந்தவர் எழுதும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். முதல் முறை கிடைக்காமல் போகலாம். ஜெனீவா போன பெண்ணுக்கு மூன்றாவது முறைதான் கிடைத்தது, முதல் இரண்டு முறை பதில்கூட வரவில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அப்பா கண்டெய்னர் யார்டில் என்றீர்கள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர்களின் விபத்துப் பாதுகாப்பு பற்றி 32ஆம் உடன்படிக்கை 1932ல் வந்தது, இந்தியா 1947ல் ஏற்புறுதி செய்தது. நம் நாட்டில் 1986ல் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் வந்தது. அதில் துறைமுக வேலை என்பதற்கு, துறைமுகத்திலோ அதன் அருகாமையிலோ நடக்கும் வேலை என்று வரையறை. அந்தச் சட்டமும் இப்போது புதிய தொகுப்புக்குள் போய்விட்டது. முன்பு சரக்கைப் பெட்டி பெட்டியாகக் கப்பலடியிலேயே இறக்கினார்கள். இப்போது கண்டெய்னரை அப்படியே லாரியில் ஏற்றி எண்ணூர் நெடுஞ்சாலை வழியாகக் கொண்டுபோய் மணலியிலும் திருவொற்றியூரிலும் மாதவரத்திலும் திறக்கிறார்கள். அதாவது வேலை துறைமுகத்தை விட்டு நகர்ந்துவிட்டது. சட்டமும் கூடவே நகர்ந்ததா? துறைமுக கேட்டிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் யார்டு "அருகாமை" ஆகுமா? அங்கே மூட்டை சரிந்து கால் உடைந்தால் அது துறைமுக விபத்தா, கிடங்கு விபத்தா? என் கைக்கு வந்த வழக்குகளில் இரண்டு பக்கமும் வாதம் நடந்திருக்கிறது, எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருக்கும்போது கேளுங்கள்: எந்த வருடம் சேர்ந்தார், எத்தனை காண்ட்ராக்டர் மாறினார்கள், அட்டை எல்லாம் எங்கே, கண்டெய்னர் எந்த கேட்டிலிருந்து வருகிறது, யார் ஷிப்டு போடுகிறார்கள், அடிபட்டால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். ஒரு நோட்டில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், தேதி போட்டு. புதிய தொகுப்பில் துறைமுக வேலைக்கு என்ன வரையறை இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள், 32ஆம் உடன்படிக்கையின் முதல் பிரிவையும் அதன் கீழே எழுதுங்கள். நோட்டு தயாரானதும் இங்கேயே பதில் போடுங்கள் தம்பி, உட்கார்ந்து பார்க்கலாம்.